முன்னுக்கு இத்தாலித் தூண், உள்ளுக்கு மொடேர்ன்: கலியாண மண்டபம் மாதிரித் தெரியாமல் கட்டுவது எப்படி?

கல்லடி வீடு:
வணக்கம். கல்லடியில், கடலிலிருந்து 400 மீற்றரில் இரண்டு மாடி வீடு. முன் போட்டிக்கோவுக்கு இத்தாலியப் பாணியில் நாலு தூண், மேலே முக்கோண முகப்பு. வரைபடத்தில் தூண் 20 அடி உயரம், 12 அங்குல விட்டம். உள்ளே சோடனை குறைந்த இந்தக் காலத்து வடிவம்: ஹோல் 18க்கு 24 அடி, சீலிங் 11 அடி. நிலத்துக்கு வெள்ளை இத்தாலிய மாபிள். வெளி முகப்புக்கும் சீலிங் ஓரத்துக்கும் ஜிப்சம் சோடனை. எதை மாற்ற வேணும்?

தூக்குக்குண்டு:
முதலில் தூண். உயரம் விட்டத்தின் 20 மடங்கு என்றால் கமுகு நட்ட மாதிரித்தான் நிற்கும். இத்தாலியக் கட்டடக் கலைஞர் விக்னோலா 1562இல் வெளியிட்ட கணக்கில், தூண் வகைகளில் டஸ்கன் 7 மடங்கு, டோரிக் 8, அயோனிக் 9, கொரிந்தியன் 10. ஆக மெலிந்த கொரிந்தியனுக்கே 20 அடிக்கு 2 அடி விட்டம் வேணும். போட்டிக்கோவை ஒரு மாடியோடு நிறுத்தி டஸ்கன் போடுங்கள்: அடியும் தலையும் சேர்த்து 10½ அடி, விட்டம் 18 அங்குலம்.

கீழ் மூன்றிலொரு பங்கு நேராகப் போய், பிறகு சிறுத்து, தலைக்குக் கீழே கழுத்தில் 14½ அங்குலம் வரும். கொங்கிரீட்டை 12 அங்குல வட்டமாக வார்க்கலாம்; அது போதுமா என்று எஞ்சினியர் சொல்லட்டும். அடியில் மிஞ்சும் 3 அங்குலத்தையும் சாந்தால் நிரப்பினால் வெடிக்கும். செங்கல் துண்டு வைத்துக் கட்டி, கடைசி முக்கால் அங்குலம் மட்டும் பூசுங்கள். அதே நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் தூண்களில் பலவும் செங்கல்லில் கட்டிச் சாந்து பூசியவைதான், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அடிக்கடி நடக்கும் பிழை: பீம் 9 அங்குலத்தில் போக, தூண் இரு பக்கமும் துருத்தும். பீமின் முகம் தூணின் கழுத்தோடு ஒரே நேரில் வரவேணும், பூச்சோடு 14½.

உப்புக்காற்று:
ஜிப்சத்தை வெளியே வைத்தால் முதல் மாரியிலேயே ஊறிக் கொட்டும். வெளிச் சோடனையைச் சீமெந்துச் சாந்தில் அச்சுத் தகடு இழுத்துச் செய்விக்கவும். கார்னிஸின் (சுவரின் மேல் ஓரத்தில் துருத்தும் சோடனை) அடிப்பக்கம், விளிம்பிலிருந்து ஓரங்குலம் உள்ளே, தண்ணீர் சொட்டி விழ அரை அங்குலக் காடி வேணும். இல்லாவிட்டால் மார்கழி மழை சுவரோடு வழிந்து கறுப்புக் கோடு போடும். கடல் மணல் கூடாது. கம்பிக்கு மேல் 2 அங்குலம் கொங்கிரீட் இருக்கட்டும்.

வெள்ளை மாபிளைச் சாதாரண சாம்பல் சீமெந்தில் பதித்தால் ஈரத்தோடு கறை மேலே வரும். வெள்ளை ஒட்டுக்கலவை வாங்குங்கள். குசினிக்கு மாபிளே வேண்டாம். தேசிக்காய், புளி பட்ட இடம் மினுக்கம் போகும், சீலர் அடித்தாலும் நிற்காது. டெறாசோ, அதாவது மாபிள் சில்லுகளைச் சீமெந்தில் கலந்து தேய்த்து மினுக்கும் நிலம், நல்லது, அதுவும் வெனிஸ் சரக்குத்தான். புளி அதையும் அரிக்கும், ஆனால் புள்ளிக்குள் கண்ணுக்குப் படாது.

கல்லடி வீடு:
நன்றி. உள்ளே என்ன செய்யலாம்?

மட்டப்பலகை:
தூணையும் வளைவையும் உள்ளே கொண்டுவராதீர்கள், ஒழுங்கை மட்டும் கொண்டுவாருங்கள். வாசல், ஹோல், பின்கதவு மூன்றும் ஒரே நேரில் இருக்கட்டும். நம்முடைய பழைய வீடுகளும் அப்படித்தானே. தட்டைச் சீலிங் என்றால் அறையின் அகலமளவு உயரம் என்பது பல்லாடியோ கணக்கு. உங்களுக்கு அகலம் 18, உயரம் 11. இதில் பெரிய கார்னிஸ் வைத்தால் சீலிங் தலையில் இறங்கும். பதிலாகச் சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் 12 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். அதற்கான அலுமினியப் பட்டியைப் பூச்சுக்கு முன்னமே பொருத்த வேணும், பிறகு வெட்டினால் கோடு நெளியும்.

ஒரே ஒரு சுவருக்கு மார்மொரினோ, அதாவது சுண்ணாம்பும் மாபிள் தூளும். சீமெந்துப் பூச்சு 28 நாள் காய்ந்த பிறகுதான். அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு இல்லாத சுவரென்றால் அடியில் உப்புப் பூக்கும், காசு வீண்.

தூக்குக்குண்டு:
கார்னிஸே வேண்டாம் என்பது கொஞ்சம் அதிகம். வாசலுக்கு அடுத்த சின்ன நடையில் 4 அங்குலத்தில் ஒன்று போடலாம், அங்கே ஜிப்சமும் தாங்கும். ஏசி குழாயை மட்டும் அதற்குள் ஒளிக்காதீர்கள், வேர்த்து ஊறிவிடும்.