ஒரு புட்டி நீரும் இரண்டு துண்டுகளும்: முகாம் நாட்களில் சுத்தம் பேணிய பலரின் அனுபவங்கள்

கூடாரம் அடித்துத் தங்கும் பயணங்களில் சுத்தம் என்றால் குளியல்தான் என்று நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஆறு பேராகச் சென்ற ஓர் ஐந்து நாள் நடைப்பயணத்தில் அந்த நினைப்பு கலைந்தது. நாள்தோறும் மாலையில் ஓடையில் இறங்கிக் குளித்தோம். ஒவ்வொருவர் பையிலும் சானிடைசர் இருந்தது. குடிநீரையும் காய்ச்சியே குடித்தோம். ஆனாலும் மூன்றாம் நாள் இரவு இருவருக்கும், விடிவதற்குள் மேலும் இருவருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. எந்தக் கிருமி என்று சோதிக்க வழியில்லை. ஆனால் எங்கள் பழக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோது, ஒரே தின்பண்டப் பொட்டலத்தில் ஆறு கைகளும் மாறி மாறி நுழைந்ததும், மண்ணும் வியர்வையும் படிந்த உள்ளங்கையில் இரண்டு சொட்டு சானிடைசரைத் தடவிவிட்டுக் கை சுத்தமாகிவிட்டதாக நம்பியதும் நினைவுக்கு வந்தன. ஆல்கஹால் 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலும், அழுக்கும் பிசுக்கும் படிந்த கையில் அது சரிவர வேலை செய்யாது. கூட்டமாகத் தங்குவோரிடையே வேகமாகப் பரவி வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸிடம் அதன் வலிமை குறைவு. சோப்பு போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவினால் கிருமி நீரோடு போய்விடும்.

அதன்பிறகு எந்த முகாமிலும் நான் முதலில் செய்வது, கழிப்பிடத்திலிருந்து திரும்பும் வழியில் ஒரு பிளாஸ்டிக் புட்டியைக் கிளையில் கட்டித் தொங்கவிடுவதுதான். அதன் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். மூடியை இறுக்கினால் காற்று உள்ளே புகாமல் நீர் நின்றுவிடும். சற்றுத் தளர்த்தினால் மெல்லிய தாரையாக விழும். பக்கத்திலேயே பழைய காலுறைக்குள் ஒரு சோப்புத் துண்டும் தொங்கும். மூடியைத் திறப்பது அழுக்குக் கை என்பதால், கழுவும்போதே மூடியின்மேலும் நுரையைத் தடவிவிடுகிறோம். தின்பண்டத்தை இப்போது யாரும் கைவிட்டு எடுப்பதில்லை, உள்ளங்கையில் கொட்டிக்கொள்கிறோம்.

*

குளிக்காமலே எட்டு நாள் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உடம்பைத் துடைக்க ஒரு லிட்டர் நீர் தாராளம், ஆனால் வரிசை தவறக் கூடாது. என்னிடம் இரண்டு சிறு துண்டுகள் உண்டு. வெளிர் நிறத் துண்டால் முகம், கழுத்து, அக்குள் ஆகியவற்றையும், அடர் நிறத் துண்டால் தொடையிடுக்கு, பின்புறம், கடைசியாகப் பாதங்கள் ஆகியவற்றையும் துடைக்கிறேன். அரையிருட்டில் மாறிவிடக் கூடாது என்பதற்கே இந்த நிற வேறுபாடு. கறுப்பு நிறப் புட்டியில் நீர் நிரப்பிப் பகல் வெயிலில் வைத்தால் மாலையில் அது இளஞ்சூடாக இருக்கும். துடைத்த பின் இரவுக்கென்றே வைத்திருக்கும் உடைக்கு மாறித்தான் உறங்கும் பைக்குள் நுழைவேன். உடலின் எண்ணெய்ப் பசை ஏறினால் உள்ளிருக்கும் இறகு திரண்டுபோய் வெப்பம் காக்கும் திறனை இழந்துவிடும். துண்டுகளை ஈரத்தோடு மடித்து வைத்தால் மறுநாள் அவற்றின் நாற்றம் நம்முடையதைவிட மோசமாக இருக்கும். முதுகுப்பையின் வெளியே ஊக்கால் குத்தி, நடக்கும்போதே உலரவிடுங்கள்.

*

எனக்குப் பாடம் கற்பித்தவை பாதங்கள். நான்கு நாள் விடாத மழையில், ஈரக் காலுறையை இரவிலும் கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே உறங்கினேன். மூன்றாம் நாள் உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கி, ஊசி குத்துவது போன்ற மரமரப்போடு அங்கங்கே வெடித்திருந்தது. உறைகுளிரில்தான் ஈரப்பாத நோய் வரும் என்று எண்ணியிருந்தேன். கால் தொடர்ந்து நனைந்தே இருந்தால் 15 டிகிரி செல்சியஸ் அளவிலும் அது வரும் என்பதைப் பின்னர் மருத்துவர் விளக்கினார். இப்போது நடக்க இரண்டு இணை, உறங்க ஒரே ஓர் இணை என்று கம்பளிக் காலுறைகள் வைத்திருக்கிறேன். மூன்றாவது இணை கூடாரத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. பகலில் ஓய்வுக்கு நிற்கும்போதெல்லாம் காலணியைக் கழற்றிப் பாதங்களுக்குக் காற்றுக் காட்டுகிறேன். தொடை உரசிப் புண்ணாவோருக்கு ஒரு குறிப்பு: உறுத்துவதில் பெரும்பங்கு உலர்ந்த வியர்வை உப்புக்கு உண்டு. நண்பகலில் வெறும் நீரால் துடைத்து உலரவிட்டாலே எரிச்சல் வெகுவாகக் குறையும்.

*

முதலில் எழுதியவர் ஓடையில் இறங்கிக் குளித்ததைச் சொன்னதால் இதை எழுதுகிறேன்; கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. மக்கும் தன்மையுடையது என்று அச்சிட்ட சோப்பை நம்பி ஒரு சுனையிலேயே தலைக்குத் தேய்த்துக் குளித்தவன் நான். மறுநாள் காலையிலும் பாறையோரத்தில் நுரை ஒதுங்கியிருந்தது. கீழே சற்றுத் தொலைவில் வேறொரு குழுவினர் குடிநீர் மொண்டுகொண்டிருந்தனர். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அத்தகைய சோப்பும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால்தான் சரியாகச் சிதைகிறது. ஆகவே பாத்திரத்தில் நீரை மொண்டு, கரையிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளிச் சென்று கழுவி, அழுக்கு நீரை ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாக விசிற வேண்டும். சோப்பே இல்லாமல் இறங்கினாலும் வெயில்காப்புப் பசையும் பூச்சிவிரட்டியும் நீரில் கரையும். கழிப்பிடக் குழிக்கும் அதே தொலைவுதான். ஆழம் 15 முதல் 20 சென்டிமீட்டர். ஈரத்துடைப்புத் தாள்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் இழை கலந்தவை என்பதால் அவை குழிக்குள் போகக் கூடாது. பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

*

மாதவிடாய் நாட்களைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். முன்பெல்லாம் தேதியைக் கணக்கிட்டுப் பயணத்தையே தள்ளிப்போடுவேன். இப்போது உடலுக்குள் பொருத்தி உதிரத்தைச் சேகரிக்கும் மாதவிடாய்க் கோப்பையைப் பயன்படுத்துகிறேன். அதிகபட்சம் 12 மணி நேரம் வைத்திருக்கலாம் என்பதால் காலையும் இரவும் கூடாரத்தருகிலேயே அதைக் காலிசெய்து கழுவிப் பொருத்திக்கொள்ள முடிகிறது. காய்ச்சி ஆறவைத்த நீர் ஒரு சிறு புட்டியில் அதற்கென்றே தனியாக இருக்கும். கையைச் சோப்பால் கழுவிய பிறகே கோப்பையைத் தொடுவேன்; சானிடைசர் தடவிய விரலோடு ஒருமுறை தொட்டு, எரிச்சலில் துடித்தது போதும். நாப்கின் பயன்படுத்துவோர், உள்ளே தெரியாத இரட்டைப் பையில் அவற்றைச் சேர்த்துத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

*

ஓடையைப் பற்றிச் சொன்னவருக்கு நன்றி. நாங்கள் செய்தது தவறுதான். தொங்கும் புட்டியைச் செய்து பார்க்கவிருப்போருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். துளை பெரிதானால் மூடியை எவ்வளவு இறுக்கினாலும் நீர் ஒழுகும். தடித்த ஊசியின் முனையைச் சூடாக்கி ஒரே குத்தாகக் குத்தினால் போதும். ஆணியால் குத்தி நான் கெடுத்த புட்டிகள் இரண்டு.