மேக்காலத் தோட்டம் குரூப்: பாப்பா மயங்கி விழுந்த நாள்

காலை 9:48

சாந்தி: வேலை பாத்துப் பழகப் போன நிவேதா மிருகாசுபத்திரில மயங்கி விழுந்துட்டா. இப்ப வீட்டுல படுத்திருக்கா. இனி அனுப்பறதா இல்ல. மாட்டு டாக்டர் படிப்புக்கு அப்ளிகேசனும் போடறதா இல்ல. யாரும் அவள ஏத்தி விடாதீங்க.

கலா: ஐயோ. அடி பட்டுச்சா

மணி: மாடு முட்டிருச்சா??

பழனிச்சாமி: எந்த மாடு

சுமதி: சாந்தி, மாடு முட்டிருச்சுன்னு இவரு சொல்றாரு. எந்த ஆஸ்பத்திரில சேர்த்திருக்கீங்க? நாங்க கெளம்பி வர்றோம்

சாந்தி: மாடு முட்டலீங்க. எருமைக்குக் கொம்படில புண்ணு, உள்ள புழு. டாக்டர் எடுத்துட்டு இருந்திருக்கார். இவ டார்ச் புடிச்சுட்டு நின்னவ அப்படியே சிமெண்டுத் தரைல சாஞ்சுட்டா. பின்மண்டை பட்டிருந்தா என்னாகறது?

சாந்தி: எருமைக்காரர்தான் ஆட்டோ புடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டார்.

கலா: பாவம் புள்ள. மோர் குடுங்க

மணி: யானை டாக்டர் ஆவேன்னு சொன்னவ புழுவப் பாத்து விழுந்துட்டாளா 😄

சாந்தி: சிரிக்கற நேரமா மணி

மணி: சரிக்கா

ராசு: சாந்தி, நான் இப்பத்தான் தென்னைக்குத் தண்ணி கட்டிட்டு வந்து பாக்கறேன். பயப்படாத. மண்டைல வீக்கம் இருக்குதா, வாந்தி எடுத்தாளா, தூங்கிட்டே இருக்காளா, இந்த மூணையும் பாத்துச் சொல்லு. ஒண்ணு இருந்தாலும் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிரு. இல்லைன்னா நான் சொல்றதக் கேளு. காலைல என்ன சாப்பிட்டுப் போனா? புழுப் புண்ணுக்கு டர்பன்டைன் எண்ணெய் ஊத்துவாங்க. மூச்சு முட்டிப் புழு மேல வரும், இடுக்கில ஒவ்வொண்ணா எடுப்பாங்க. அந்த எண்ணெய் வாசம், சீழ் நாத்தம், வெயிலு, வெறும் வயிறு, அசையாம நிக்கற காலு. இத்தனையும் சேந்தா நாடி கொறஞ்சு மூளைக்குப் போற ரத்தம் தட்டுது, ஆள் விழறான். விழுந்ததும் தலையும் நெஞ்சும் ஒரே மட்டத்துக்கு வர்றதால தெளிஞ்சுருது. இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்ல. நான் 34 வருசம் கால்நடைத் துறைல இருந்தேன். பயிற்சிக்கு வந்த பசங்க எத்தனை பேரு விழுந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியும். அதுல பாதிப்பேரு இன்னைக்கு நல்ல டாக்டருங்க.

சாந்தி: வாந்தி இல்லீங்க மாமா. வீக்கமும் இல்ல. டீ மட்டும் குடிச்சுட்டுப் போனா.

ராசு: அதுதான்.

பழனிச்சாமி: எல்லாரும் கூடி இருக்கறப்பவே சொல்லிடறேன். கோயில் வரி தலைக்கட்டுக்கு 2000. நோம்பிக்கு இன்னும் 19 நாள்தான். செல்வராசு, மணி, ரெண்டு பேரும் பாக்கி.

மணி: நான் எதுக்குங்க, நான் மாமன் மச்சான் வகையறா

பழனிச்சாமி: போன வருசம் கெடா வெட்டுல உக்காந்தது யாரு

பிரபு: அப்பா சொல்றது சரி சித்தி. இங்க ஒஹாயோல எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு இப்பத்தான் வெட் காலேஜுக்கு அப்ளை பண்ணுச்சு. இங்க டிகிரி படிச்சுட்டு அதுக்கு மேல நாலு வருசம். விண்ணப்பத்துலயே எத்தனை மணி நேரம் மிருகங்களோட இருந்தேன்னு எழுதோணும். டாக்டர் மேற்பார்வைல நின்ன நேரம் தனிக்கணக்கு. பண்ணைலயோ நாய் காப்பகத்துலயோ வேலை செஞ்ச நேரம் தனிக்கணக்கு. அந்தப் பொண்ணு மூணு வருசம் லீவுல எல்லாம் குதிரைக் கொட்டகை கழுவுச்சு. மொத நாளே அதுவும் மயங்கிருச்சாம், அவங்கம்மா சொன்னாங்க.

சுமதி: அங்க நேரம் என்ன பிரபு இப்ப? தூங்கலயா கண்ணு

பிரபு: ராத்திரி 12:40 சித்தி. தூக்கம் வரல

சாந்தி: அங்க கேக்கறாங்க, எழுதறாங்க. நம்மூர்ல யாரும் கேக்கறதில்லையே. அப்பறம் எதுக்கு இவ போகோணும்?

ராசு: கேக்கறதில்ல. அதுக்காகத்தான் போகோணும்னு சொல்றேன். தமிழ்நாட்டுல பன்னெண்டாவது மார்க்கு. கேரளாவுல நீட்டு. எங்கயும் ‘நீ மாட்டுக் கவுறப் புடிச்சிருக்கியா’ன்னு ஒரு கேள்வி கெடையாது. அஞ்சரை வருசப் படிப்பு அம்மிணி, அதுல கடைசி ஒரு வருசம் முழுக்கப் பயிற்சி. மார்க் வந்துச்சேன்னு சேந்துட்டு ரெண்டாம் வருசத்துல ‘எனக்கு இது ஆகாது’ன்னு அழுத புள்ளைங்களப் பாத்திருக்கேன். அவ இன்னைக்கு விழுந்தது நல்லதுக்குத்தான். இன்னும் ஒரு மாசம் நிக்கட்டும். ஆகும்னா ஆகும், ஆகாதுன்னா அப்ளிகேசன் போடறதுக்கு முந்தியே தெரிஞ்சுரும்.

கலா: அண்ணா இதச் சொல்றது நீங்கதானா

மணி: நங்கையா ஆரம்பிச்சுட்டாங்க

கலா: ஆமா ஆரம்பிக்கறேன். 1994ல நாமக்கல் காலேஜ்ல இருந்து எனக்கு இன்டர்வியூ கார்டு வந்துச்சு. அந்தக் கார்டு இன்னும் என் டிரங்குப் பெட்டில இருக்குது. அப்பாருகிட்ட ‘பொம்பளப் புள்ளைக்கு மாட்டுக்குள்ள கைய விடற வேலை வேண்டாம்’னு சொன்னது யாரு?

சாந்தி: நங்கையா, இப்ப எதுக்குங்க அது

கலா: எனக்கு இப்பத்தான்

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பழனிச்சாமி: பெரியவங்க விசயத்தக் குரூப்புல வேண்டாமே

சுமதி: நீங்க சும்மா இருங்க

காலை 11:20

ராசு: கலா, நான்தான் சொன்னேன். இல்லைன்னு சொல்லல. ஆனா ஏன் சொன்னேன்னு உனக்குத் தெரியாது. 1992 ஐப்பசில ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்துல மாடு ஏழு மாசச் சினைல கன்னு வீசிருச்சு. நஞ்சுக்கொடி விழல. கையுறை இல்லாமத்தான் அப்ப எல்லாம் செய்வோம். வெரல்ல வெட்டுக்காயம் வேற இருந்துச்சு. நான் எடுத்தேன். மூணு வாரம் கழிச்சுத் தெனமும் சாயங்காலம் காய்ச்சல், ராத்திரி வேர்த்துக் கொட்டும், இடுப்பு முட்டி எல்லாம் கழண்டு விழறாப்புல வலி. மலேரியான்னு ஒருத்தர் பாத்தார், டைபாய்டுன்னு ஒருத்தர் பாத்தார். ரெண்டு மாசம் கழிச்சு ரத்தத்துல கண்டுபுடிச்சாங்க, கன்று வீச்சு நோய், புருசெல்லா. ஆறு வாரம் ரெண்டு மாத்திரை. உங்க அண்ணிக்குத் தெரியும், அப்பாருக்குத் தெரியும். வெளிய தெரிஞ்சா சொசைட்டில நம்ம பால ஊத்த விட மாட்டாங்கன்னு அப்பாரு சொன்னார், அதனால உங்க யாருக்கும் சொல்லல. உன் கார்டு வந்தப்ப என் கண்ணு முன்னாடி அந்தக் காய்ச்சல்தான் நின்னுச்சு. உன்கிட்ட நேரா சொல்லாம அப்பாருகிட்டப் போயி பொம்பளப் புள்ளைன்னு ஒரு காரணத்தச் சொன்னது தப்பு. என் தப்பு.

மணி: 🙏

பிரபு: அப்பா, எனக்கே இது தெரியாது

ராசு: நீ கைக்கொழந்தை அப்ப.

கலா: 30 வருசம் கழிச்சு வாட்ஸப்புல சொல்றீங்க.

ராசு: ஆமா.

சுமதி: மாகாளியம்மா 🙏

சாந்தி: மாமா, இதக் கேட்டதுக்கு அப்பறம் எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்குது. காய்ச்சல் வர்ற வேலைக்குப் புள்ளைய அனுப்பச் சொல்றீங்களா?

ராசு: இல்ல சாந்தி. நான் தெரியாமப் போனேன். அவ தெரிஞ்சுட்டுப் போகட்டும்னு சொல்றேன். இப்பத் தோள் வரைக்கும் கையுறை இருக்குது. கெடாரிக் கன்னுக்கு நாலுல இருந்து எட்டு மாசத்துக்குள்ள அந்த நோய்க்குத் தடுப்பூசி போடறாங்க. ஆனா அந்த ஊசி மருந்தும் உயிருள்ள கிருமி, தன் கைல குத்திக்கிட்டா ஆபத்து. அதனால நிவேதா ஊசி எதையும் கைல தொடக்கூடாது, கன்னு போடற எடத்துல வெறுங்கையோட நிக்கக்கூடாது. போறதுக்கு முந்தி அவளுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடோணும். கடிக்கறதுக்கு முன்னாடியே போடறது. 0, 7, 21 நாள்னு மூணு ஊசி. ரண ஜன்னிக்கு டிடியும் போட்டுரு. மாடு எச்சல் ஒழுகிட்டுத் தண்ணி குடிக்க முடியாம நின்னா தொண்டைல தேங்கா மாட்டிருக்குன்னு நம்மாளுக வாய்க்குள்ள கைய விடுவாங்க. அது வெறியாவும் இருக்கலாம். அந்த வேலைய அவ ஒருநாளும் செய்யக்கூடாது.

மணி: எங்க ரேக்ளா காளைக்கு அப்படித்தான் நான் கைய விட்டேன் போன தை மாசம்

ராசு: மணி, என்ன ஆச்சு அந்தக் காளைக்கு?

மணி: பனங்கொட்டைங்க மச்சான். வந்துருச்சு. நல்லா இருக்குது

ராசு: உனக்கு நல்ல நேரம். இனி மாட்டு டாக்டரக் கூப்பிட 1962க்குப் போன் பண்ணு. தமிழ்நாடு, கேரளா ரெண்டு ஸ்டேட்லயும் அதே நம்பர்தான்.

மதியம் 2:15

நிவேதா: பெரியப்பா நான்தான். அம்மா போன் குடுத்துட்டாங்க

கலா: கண்ணு எப்படி இருக்க

நிவேதா: நல்லாருக்கேன் அத்தை. எனக்கு அழுகையா வந்துச்சு. டாக்டர் திட்டல. நாளைக்குச் சாப்பிட்டு வான்னுதான் சொன்னார்

மணி: பாப்பா, டாப்ஸ்லிப் யானைக்கு நீதான் டாக்டர், மாமன் சும்மா சொன்னேன்

நிவேதா: தெரியும் மாமா

ராசு: அம்மிணி, யானைன்னு சொன்னதால சொல்றேன். டாப்ஸ்லிப்புல யானைகளுக்கு டாக்டரா வி. கிருஷ்ணமூர்த்தின்னு ஒருத்தர் இருந்தார். காட்டுக்குள்ள செத்து அழுகிப் போன யானையையும் அறுத்துப் பாத்து எதனால செத்துச்சுன்னு எழுதோணும்னு நின்னவர் அவர். புழு இல்லாத யானைப் பொணம் ஏது? நீ இன்னைக்குப் பாத்தது அந்த வழியோட மொதப்படிதான். இப்ப உனக்கு நான் சொல்ற வேலை வேற. நீ நோய் மாட்டத்தான் பாக்கற. நல்ல மாடு எப்படி இருக்கும்னு மொதல்ல உன் கைக்குத் தெரியோணும். உங்க வீட்டுச் செவலை இருக்குதல்ல. தெனம் காலைல கறக்கறதுக்கு முந்தி கூப்பிட்டுக்கிட்டே எடது தோள்பக்கமா போ. பின்னால இருந்து போகாத. போயி மேல கைய வச்சுட்டு அப்பறம் நகரு, எடுக்காத. மாடு குதிரையாட்டம் பின்னால மட்டும் ஒதைக்காது, காலை முன்னால கொண்டு வந்து பக்கவாட்டுல வீசும். ஒட்டி நில்லு, இல்லைன்னா எட்டி நில்லு, நடுவுல நிக்காத. கவுறக் கைல சுத்திக்காத, சுத்துனா வெரல் போயிரும். எடது விலாவுக்குப் பின்னால ஒரு பள்ளம் இருக்கும், அதுல முஷ்டிய அழுத்தி வச்சுக் கண்ண மூடு. அசை வவுறு உருண்டு வந்து உன் கையத் தள்ளும். ரெண்டு நிமிசத்துல ஏறத்தாழ மூணு தடவ. தெர்மாமீட்டர்ல 101.5 சொச்சம். ஆட்டுக்கு இன்னும் ஒரு டிகிரி கூட. ஆட்டக் கொம்பப் புடிச்சு இழுக்காத, தாடைக்குக் கீழ கை குடு. இதெல்லாம் ஒரு நோட்டுல எழுது. பத்து நாள் எழுதுனீன்னா பதினோராம் நாள் மாடு சரியில்லைன்னா உனக்கே தெரியும்.

பிரபு: இத நான் சேவ் பண்ணிக்கறேன்

சுமதி: எங்க வெள்ளாடு ஒரு வாரமா சரியாத் திங்க மாட்டேங்குது மாமா. கழிச்சலும் இருக்குது. என்ன குடுக்கலாம்

ராசு: எத்தனை மாசக் குட்டி? குடல்புழுவுக்கு எப்ப மருந்து ஊத்துன?

சுமதி: அட்டப்பாடிக் கருப்பாடு. அது வந்ததுல இருந்தே ஊத்தல

ராசு: புழுக்கையக் கொஞ்சம் டப்பால எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. நிவேதாவும் போனா மைக்ராஸ்கோப்புல புழு முட்டை எப்படி இருக்கும்னு பாக்கலாம்.

சாந்தி: மாமா, அவ போறான்னு நான் இன்னும் சொல்லல

மணி: அக்கா, செவ்வாக்கெழம பொள்ளாச்சிச் சந்தைக்கு நான் போறேன். பாப்பாவ கூட்டிட்டுப் போகட்டுமா? நூறு மாட்டுப் பல்லு பாக்கலாம். ரெண்டு பல்லு, நாலு பல்லு, எட்டுப் பல்லும் சேந்த கடைசேத்தம், எல்லாம் சொல்லித் தர்றேன்

ராசு: நல்லது. மொத ஜோடி ரெண்டு வயசுக்கு மேல, எட்டுப்பல்லும் சேர நாலு அஞ்சு வருசம். ஆனா வாயத் தொறக்கறது யாவாரியா இருக்கட்டும். அவ பாத்தாப் போதும்.

சாந்தி: சந்தைல பொம்பளப் புள்ள

கலா: சாந்தி!

சாந்தி: கூட்டமா இருக்கும்னு சொல்ல வந்தேங்க நங்கையா

கலா: சரி. எங்க உடுமலைலயே இப்ப வெட்னரி காலேஜ் இருக்குது. கெடைச்சா எங்க வீட்டுலயே தங்கிக்கட்டும். ரூம் சும்மாத்தான் கெடக்குது

பழனிச்சாமி: அதுக்கு அவங்க ரேசன் கார்டு கேரளாவுல கொழிஞ்சாம்பாறைல இருக்குதே. செல்வராசு மாமியார் ஊருக்குக் குடி போனப்பவே அப்பாரு சொன்னார்

சாந்தி: என்ன சொன்னார்?

பழனிச்சாமி: ஒண்ணுமில்லீங்க

ராசு: பழனி, விடு. தமிழ்நாட்டு எடத்துக்குப் பிறப்பிடச் சான்று கேப்பாங்க. தாசில்தார் ஆபீசுல விசாரிச்சுத்தான் சொல்லோணும். கேரளாவுல மண்ணுத்தி இருக்குது, வயநாட்டுல பூக்கோடு இருக்குது, நீட்டு எழுதிருக்கா. அது போக எல்லா ஸ்டேட்டு காலேஜ்லயும் 15 சதவீதம் அகில இந்திய எடம், அதுவும் நீட்டு மார்க்குலதான். எதையும் மூடி வைக்காதீங்க. செல்வராசு எங்க, ஒண்ணும் பேசல?

செல்வராசு: லோடு ஏத்திட்டு இருக்கேன்

செல்வராசு: சாந்தி சொல்றதுதான்

மணி: மாமாவுக்கு இதுதான் பொழப்பு

[அப்பத்தா குரல் பதிவு 0:51]

சுமதி: என்ன சொல்றாங்க, சத்தமே கேக்கல. கோழிதான் கத்துது

ராசு: புள்ளைக்குத் திருநீறு போட்டு விடுன்னு சொல்றா. அப்பறம் கலா பேரச் சொல்லி ஏதோ சொன்னா. அழுதுட்டா. நான் நேர்ல சொல்றேன் கலா, ஞாயித்துக்கெழம வா.

கலா: வர்றேண்ணா

மாலை 6:32

நிவேதா: பெரியப்பா செவலைக்கு 101.4. ரெண்டு நிமிசத்துல மூணு. ஒரு தடவ கையத் தூக்கியே விட்டுருச்சு!!

ராசு: கறக்கறதுக்கு முந்தியா பிந்தியா?

நிவேதா: முந்தி. எழுதிட்டேன். அசை போட்டுட்டு இருந்துச்சு

ராசு: அசை போட்டுச்சுன்னும் எழுது.

சாந்தி: எந்தத் தெர்மாமீட்டர்டி அது?

நிவேதா: அலமாரில இருந்தது

சாந்தி: அது நம்ம காய்ச்சலுக்கு வெச்சது!

ராசு: இனி அது செவலைக்கே இருக்கட்டும் சாந்தி. வேற வாங்கிக்க.

மணி: 😂😂

சாந்தி: மாமா, அந்த நாய்க்கடி ஊசிய முன்னாடியே போடறதுக்கு எங்க கேக்கோணும்? கவர்மெண்டுலயே போடுவாங்களா? போறதா வேண்டாமாங்கறத அவங்கப்பா வந்ததுக்கு அப்பறம் பேசிக்கறோம். ஊசி விசயத்த மட்டும் கேட்டுச் சொல்லுங்க.

ராசு: நாளைக்குக் காலைல கேட்டுச் சொல்றேன்.

பழனிச்சாமி: செல்வராசு லோடு ஏத்தி முடிஞ்சா கோயில் வரி ஜிபே பண்ணிருப்பா