எக்ஸ்டென்ஷன் ஃபைல் ஒரு டைரக்டரியில், எஸ்ஓ ஃபைல் இன்னொன்றில்: உங்கள் அனுபவம்?

தரமணி டிபிஏ:
போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 16-ஆம் பதிப்பு, உபுண்டு. கிளையன்ட் தரப்பில் டேட்டாபேஸ் சூப்பர்யூசர் கொடுத்தார்கள். சர்வரின் ரூட்டை மட்டும் கடைசிவரை கண்ணில் காட்டவில்லை. எங்களுக்கோ பிஜிவெக்டார் வேண்டும். வெக்டார் தேடலுக்கான எக்ஸ்டென்ஷன் அது, அதாவது போஸ்ட்கிரெஸில் கூடுதல் வசதி சேர்க்கும் தொகுப்பு. 16-இல் எக்ஸ்டென்ஷனின் விவரம் சொல்லும் கன்ட்ரோல் ஃபைல், சிஸ்டத்தின் ஷேர் டைரக்டரிக்குள் இருக்கும் 'எக்ஸ்டென்ஷன்' ஃபோல்டரில்தான் இருந்தாக வேண்டும். கம்பைல் செய்த கோட் இருக்கும் எஸ்ஓ (.so) ஃபைலுக்கு அந்தக் கெடுபிடி இல்லை, முழுப் பாதையைக் கொடுத்தால் எங்கிருந்தாலும் ஏற்றிக்கொள்ளும்.

அதனால் எக்ஸ்டென்ஷனின் எஸ்கியூஎல் ஃபைலையே திறந்தோம். நேராக ஓட்ட வருபவர்களைத் துரத்தவென்றே மேலே எக்கோ, குவிட் என்று ஒரு வரி இருக்கும். அதை எடுத்துவிட்டு, 'மாட்யூல்_பாத்நேம்' வரும் இடமெல்லாம் எங்கள் எஸ்ஓ பாதையைப் போட்டு ஓட்டினோம். ஓடியது. தலைவலி பேக்கப்பில் வந்தது. இது ஒரு எக்ஸ்டென்ஷன் என்றே சர்வருக்குத் தெரியாதே! பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப், ஒரே 'கிரியேட் எக்ஸ்டென்ஷன்' வரிக்குப் பதில் ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனியாக, அந்தப் பாதையோடு எழுதித் தள்ளியது.

சிறுசேரி ஷிஃப்ட்:
சார், 2025 செப்டம்பரில் போஸ்ட்கிரெஸ் 18 வந்ததிலிருந்து இந்தச் சுற்றுவழி தேவையில்லை. எக்ஸ்டென்ஷனை நிறுவும் மேக் இன்ஸ்டால் கட்டளைக்கு 'ப்ரிஃபிக்ஸ்' என்று சொந்த டைரக்டரியைக் கொடுத்துவிட்டு, இரண்டு செட்டிங்கை மாற்றினால் போதும். கன்ட்ரோல் ஃபைலுக்கு 'எக்ஸ்டென்ஷன்_கன்ட்ரோல்_பாத்', எஸ்ஓவுக்குப் பழைய 'டைனமிக்_லைப்ரரி_பாத்'. முன்னதன் கடைசியில் டாலர் சிஸ்டம் ($system), பின்னதன் கடைசியில் டாலர் லிப்டிர் ($libdir) இருக்கட்டும், அப்போதுதான் வழக்கமான இடங்களிலும் தேடும். எங்கள் டீமில் பலரும் தடுக்கி விழுந்த இடம் ஒன்று உண்டு: கன்ட்ரோல் பாதையில் 'எக்ஸ்டென்ஷன்' ஃபோல்டர் வரை எழுதக் கூடாது. அதற்கு ஒரு படி மேலே நிறுத்த வேண்டும், மீதியை சர்வரே சேர்த்துக்கொள்ளும்.

வேளச்சேரி:
எங்களுக்குப் பாதையெல்லாம் சரி. வரைபடத் தரவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ் எக்ஸ்டென்ஷனின் எஸ்ஓ ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, ஆனாலும் ஃபைல் இல்லை என்று எரர். அந்த வரியைக் கடைசிவரை படித்தால் கதை வேறு: காணாமல் போனது போஸ்ட்ஜிஐஎஸ் இல்லை, அது சார்ந்திருக்கும் ஜியோஸ் லைப்ரரி. ஜியோஸை நாங்களே கம்பைல் செய்து ஆப்ட் (/opt) டைரக்டரியில் வைத்திருந்தோம். ஒரு ஃபைல் எந்தெந்த லைப்ரரியைச் சார்ந்தது என்று காட்டும் எல்டிடி கட்டளையை ஓட்டினால் 'நாட் ஃபவுண்ட்' என்று பளிச்சென்று காட்டிவிடும். லைப்ரரி தேடும் இடத்தைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத்தை, நம் ஷெல்லின் செட்டிங் ஃபைலான பாஷ்ஆர்சியில் போட்டுப் பயனில்லை, சர்வீஸாக எழும் போஸ்ட்கிரெஸ் அதைப் படிப்பதே இல்லை. டெபியன், உபுண்டுவில் கிளஸ்டரின் கான்ஃபிக் டைரக்டரியில் 'என்விரான்மென்ட்' என்று ஒரு ஃபைல் இருக்கிறது, அதில் எழுதி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்புறம், ஹோம் டைரக்டரிக்குள் எஸ்ஓவை வைக்காதீர்கள். புது உபுண்டுவில் அதன் அனுமதி 750 (உரிமையாளரும் அவர் குரூப்பும் தவிர யாருக்கும் இல்லை), போஸ்ட்கிரெஸ் யூசரால் உள்ளே நுழையவே முடியாது.

தரமணி டிபிஏ:
நன்றி. இப்போது 18-க்கு மாறப்போகிறோம். அந்தப் பழைய டம்ப்பை என்ன செய்வது?

சிறுசேரி ஷிஃப்ட்:
பிஜி_டம்ப்பின் கஸ்டம் ஃபார்மட்டில் எடுத்திருந்தால் கவலையில்லை. புது டேட்டாபேஸில் முதலில் கிரியேட் எக்ஸ்டென்ஷன். பிறகு டம்ப்பைத் திரும்ப ஏற்றும் பிஜி_ரீஸ்டோரில், அதில் உள்ளவற்றின் பட்டியலை எடுத்து, வெக்டாரின் டைப், ஃபங்ஷன், ஆபரேட்டர், காஸ்ட் முதலான எல்லா வரிகளுக்கும் முன்னால் அரைப்புள்ளி போட்டு விலக்கிவிட்டு, மீதியை மட்டும் ஏற்றுங்கள்.