கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

வரப்போரம்:
செம்மை நெல் சாகுபடிக்குக் குழு சேர்த்த காலம். இளநாற்று, குத்துக்கு ஒன்று, சதுர நடவு, களையெடுக்க உருட்டித் தள்ளும் கோனோவீடர், தெரிந்த கதைதான். ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம். முன்வரிசை நாற்காலிகளில் இருந்த நிலக்காரர்கள் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள். நடவன்று சேற்றில் நின்றபடி ஓர் அக்கா கேட்டார்: "கயிறு பிடித்து நட்டால் ஒரு நாள் வேலை ஒன்றரை நாளாகும். கூலியை ஏக்கருக்குப் பேசியிருக்கிறீர்கள். அந்த அரை நாளை யார் தருவார்?" கூட்டத்துக்கு நடவாள் ஒருவரைக்கூட யாரும் அழைத்திருக்கவில்லை. கூலி நாள்கணக்குக்கு மாறியது. அதன் பிறகு அதே அக்காதான் பலகையில் ஆணி அடிக்கச் சொன்னார். நீரை வடித்துவிட்டுக் அதைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தால் சேற்றில் சதுரக் கோடு விழுந்துவிடும், கயிறே வேண்டாம்.

கடைமடை:
நாற்காலியைக் குறை சொல்லாதீர்கள். நாங்கள் மரத்தடியில் தரையில்தான் உட்கார்ந்தோம், அப்போதும் மௌனம்தான். ஒற்றை நாற்று நட்ட வயல் முதல் சில வாரங்கள் வெறும் சேறாகத்தான் தெரியும். சோதனைக்குத் தேர்ந்தெடுத்ததோ சாலையோர வயல். பஸ்ஸில் போகிறவர்கள்கூடச் சிரித்தார்கள். அந்த வயலுக்குச் சொந்தக்காரரான பெரியவர் ஒருநாள் இருட்டியதும் போய், இடைவெளியிலெல்லாம் நாற்றுச் செருகிவிட்டு வந்தார்! அடுத்த பருவத்தில் உள்ளே தள்ளியிருந்த வயலை அவரே காட்டினார். அங்கே என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கத் தயாராக இருந்தார்.

ஓய்வுபெற்றவன்:
இருவருக்கும் ஓர் ஆலோசனை. கூடிப் பேசினால் யோசனை பெருகும் என்று விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன் சொன்னதை 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். நால்வர் கூடி யோசித்ததைவிட, நால்வர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்தபோதுதான் யோசனைகள் அதிகம். கூடிப் பேசும்போது ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். அதற்குள் தன்னுடையது மறந்துவிடும். ஆகவே முதலில் சீட்டுக் கொடுத்து எழுதவையுங்கள். பெயர் வேண்டாம். பெட்டியில் போடட்டும். பிறகு ஒவ்வொன்றாக வாசியுங்கள். வாசிக்கும்போது யாரும் குறுக்கிடக் கூடாது. மூத்தவர் கடைசியில்தான் பேச வேண்டும். தேநீரை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். கடைசியில் என்றால் எல்லோர் கண்ணும் தூக்குவாளியின் மேல்தான் இருக்கும். என் சொந்த அனுபவத்தைப் பிறகு எழுதுகிறேன்.

வரப்போரம்:
ஐயா, எங்கள் நடவுக் குழுவில் பாதிப் பேருக்கு எழுத வராது. சீட்டுக் கொடுத்தால் படித்த பேத்தியின் யோசனைதான் பெட்டியில் விழும். கடைமடை சொன்ன சாலையோர விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். மூத்தவர் கடைசியில் பேச வேண்டும் என்பதும் சரிதான். அதை அவரிடம் யார் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.