ஆடி ஞாயிறும் அப்பாவின் காரும்

குழு: பெரிய வீடு, ராயபுரம்

வெள்ளி, இரவு

கீதா (8:06): [படம்]

கீதா: அலுவலகத்திலிருந்து வரும்போது கல்மண்டபம் சிக்னலில் அப்பா காரில் இந்த விளக்கு எரிந்தது. வீடு வரை அணையவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் போக வேண்டுமே, என்ன செய்வது?

பாபு: பயப்படாதே. ஆயில் மாற்றச் சொல்லும் நினைவூட்டல்தான். மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். அழுத்திப் பிடித்தால் போய்விடும்.

அம்மா: அதன் மேல் ஒரு பொட்டு ஒட்டிவிடட்டுமா

எண்ணூர் மாமா: 😂😂 அக்கா

கொருக்குப்பேட்டை அத்தை: விளக்கு கிடக்கட்டும். காலை 4 மணிக்குக் கிளம்ப வேண்டும். ஆடி ஞாயிறு. விடிந்துவிட்டால் ஜனப்பன்சத்திரத்திலிருந்தே வண்டி நகராது.

சித்தப்பா: யாரும் எதையும் அழுத்த வேண்டாம்.

சித்தப்பா: எழுதிக்கொண்டிருக்கிறேன். பொறுங்கள்.

அத்தை: வேப்பிலைக்கு யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள்? குழந்தைக்கு வேண்டிக்கொண்ட வேப்பஞ்சேலை. அங்கே போய்த் தேடக் கூடாது.

எண்ணூர் மாமா: நான் கொண்டுவருகிறேன். எங்கள் தெருவில் இரண்டு மரம் இருக்கிறது.

சித்தப்பா (8:19): கீதா, படத்தைப் பார்த்தேன். மஞ்சள் நிறம்தான். நல்லது. சிவப்பில் எண்ணெய்க் குவளை வடிவத்தில் எரிந்தால் அது வேறு விஷயம். இஞ்சினுக்குள் ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்று பொருள். அப்போது நடுரோடாக இருந்தாலும் ஓரம் கட்டி உடனே இஞ்சினை நிறுத்திவிட வேண்டும். இந்த மஞ்சள் விளக்குக்கு ஆயிலைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அது வெறும் கிலோமீட்டரை எண்ணுகிறது. கடைசியாக யார் எப்போது அதைப் பூஜ்ஜியமாக்கினார்களோ அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்து, கணக்கு முடிந்ததும் எரிகிறது. உள்ளே ஆயில் புதிதா பழையதா, இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அதனால் விளக்கை அணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதலில் ஆயில், பிறகு விளக்கு. பாபு, பங்குனியில் நீதானே சர்வீஸுக்கு விட்டாய்? ஆயில் மாற்றினார்களா?

பாபு: மாற்றினார்கள் மாமா. 4,200 கொடுத்தேன்.

சித்தப்பா: பில்?

பாபு: தேடுகிறேன்.

அத்தை: என் மகன் கைக்காசைப் போட்டுச் செய்தான். அதற்கும் கேள்வியா?

சித்தப்பா: அக்கா, காசைப் பற்றிக் கேட்கவில்லை. ஆயிலைப் பற்றிக் கேட்கிறேன்.

சித்தப்பா: மாற்றியிருந்து, அந்த மெக்கானிக் விளக்கைப் பூஜ்ஜியமாக்க மறந்திருந்தாலும் இப்படித்தான் எரியும். அப்படி இருந்தால் நிம்மதி. கீதா, அண்ணனின் நோட்டு வண்டியில் இருக்கிறதா?

கீதா: இருக்கிறது சித்தப்பா. முன்பக்கப் பெட்டியில். நான் எடுக்கவே இல்லை.

சித்தப்பா: எடுத்துப் பாரம்மா.

எண்ணூர் மாமா: நடுவில் ஒன்று. கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு உண்டா? காசிமேட்டில் நாளைக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

அம்மா: நெத்திலி போதும்

அத்தை: வாளையும் வேண்டும். அண்ணனுக்கு வாளைக் கருவாடு இல்லாமல் ஆடி இல்லை.

அம்மா: சரி அண்ணி

கீதா (8:41): நோட்டில் கடைசி வரி இதுதான். "ஆவணி 9. 52,300. ஆயில், ஃபில்டர். சத்தம் இல்லை, நன்றாக ஓடுகிறது." அதற்குப் பிறகு எதுவும் இல்லை. மீட்டரில் இப்போது 62,140.

சித்தப்பா: கார்த்திகையில் அண்ணன் போனார்.

சித்தப்பா: 9,840 கிலோமீட்டர். அந்த வண்டிக்குப் பத்தாயிரம் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்பது அண்ணனின் கணக்கு. பங்குனியில் மாற்றவில்லை என்றால் இரண்டும் நெருங்கிவிட்டன.

சித்தப்பா: வண்டி சமதளத்தில் நிற்கிறதா? நிறுத்தி அரைமணி நேரம் ஆகிவிட்டது, அதனால் ஆயில் கீழே இறங்கியிருக்கும். பானட்டைத் திற. மஞ்சள் வளையம் போட்ட கம்பி ஒன்று இருக்கும். உருவி, பழைய துணியால் துடை. திரும்ப முழுவதும் உள்ளே செருகி, மறுபடி உருவு. முதல் தடவை வருவதைப் பார்க்காதே, அது ஏமாற்றும். நுனியில் இரண்டு குறி இருக்கும். ஆயில் அவற்றுக்கு நடுவே நிற்க வேண்டும். நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதே. ஓடின ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும்.

அத்தை: ராத்திரியில் பெண்பிள்ளையைத் தெருவில் நிறுத்தி இதெல்லாம் தேவையா?

அம்மா: நான் டார்ச் பிடிக்கிறேன் அண்ணி

பாபு: நான் வரட்டுமா கீதா?

கீதா: வேண்டாம் அத்தான், செய்துவிடுவேன். நீங்கள் பில்லைத் தேடுங்கள்.

கீதா (9:02): [படம்]

கீதா: அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் துடைத்தேன். இரண்டு முறை பார்த்தேன். கீழ்க் குறிக்கும் கீழே நுனியில் மட்டும் ஒரு கறுப்புத் துளி நிற்கிறது.

அம்மா: கம்பி கிட்டத்தட்டக் காய்ந்துதான் வந்தது தம்பி

சித்தப்பா: இதற்குத்தான் சொன்னேன்! குமிழை அழுத்தி விளக்கை அணைத்துவிட்டு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போக நாற்பது வர நாற்பது கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கீதா, இனி அந்த வண்டியைக் கிளப்பாதே. மார்க்கெட்டுக்குக்கூட வேண்டாம்.

பாபு (9:10): [படம்]

பாபு: பில் கிடைத்தது. பிரேக் பேட், கழுவியது, ஏசி சுத்தம், கூலி. ஆயில் என்று எழுதவில்லை. ஃபில்டரும் இல்லை.

பாபு: எல்லாம் பார்த்துவிட்டேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார் மாமா. நம்பினேன்.

அத்தை: இப்போது என் பிள்ளையைத்தான் எல்லோரும் சொல்வீர்கள்.

சித்தப்பா: யாரும் சொல்லவில்லை அக்கா. அவனாவது எடுத்துக்கொண்டு போனான். நான் பெரம்பூர் ஒர்க்ஷாப்பில் 31 வருடம் வேலை பார்த்தவன். கார்த்திகைக்குப் பிறகு ஒரு நாள் வந்து பானட்டைத் திறந்து பார்த்திருக்கலாம். வரவில்லை.

அத்தை: வண்டியை விற்றுவிடு என்று சொன்னவனும் நீதான்.

சித்தப்பா: சொன்னேன். அண்ணன் இல்லாமல் அந்த வண்டி வாசலில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

அம்மா: விடுங்கள் அண்ணி. நாளைக்குச் செய்துவிடலாம்

எண்ணூர் மாமா: மொத்தம் ஒன்பது பேர். எப்படியும் ஒரு காரில் ஏற முடியாது. வேன் பேசிவிடலாமா?

அத்தை: எனக்கு வேனில் குமட்டும்.

சித்தப்பா (9:31): நாளைக் காலை 7 மணிக்கு ஆயிலும் ஃபில்டரும் வாங்கிக்கொண்டு வருகிறேன். முதலில் ஒரு லிட்டர் ஊற்றி, அளவு பார்த்து, நானே திருவொற்றியூருக்கு ஓட்டிப் போகிறேன். தேரடிக்குப் பின்னால் தெரிந்தவர் ஷெட்டில் பள்ளம் இருக்கிறது. தெருவில் ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. கீதா, நீயும் வா. பழைய ஆயிலை கேனில் பிடித்து ஷெட்டிலேயே கொடுத்துவிடலாம். பக்கத்துவீட்டுக்காரர் செய்வதுபோல் சாக்கடையில் ஊற்றுவது பெரிய பாவம்.

எண்ணூர் மாமா: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் ஆயில் படர்ந்ததே, அதன் பிறகு யாராவது ஒரு சொட்டு கீழே ஊற்றினாலும் எனக்குப் பொறுக்காது. படகெல்லாம் கறுப்பு. வலையைக் கையில் எடுக்க முடியவில்லை.

கீதா: வருகிறேன் சித்தப்பா. விளக்கை அணைப்பதையும் எனக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சித்தப்பா: இங்கேயே எழுதிவிடுகிறேன், எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். நம்முடையது பழைய டொயோட்டா. சாவியைத் திருப்பி, கிலோமீட்டர் காட்டும் இடத்தில் 'ட்ரிப் ஏ' வரச் செய். சாவியை அணை. ட்ரிப் மீட்டர் குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டே சாவியை 'ஆன்' வரை திருப்பு. இஞ்சினைக் கிளப்பாதே. குமிழை விடாதே. கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து பூஜ்ஜியங்கள் வரும், விளக்கு அணையும். வண்டி ஓடிய மொத்தக் கிலோமீட்டர் அப்படியே இருக்கும், அது அழியாது. மற்ற கம்பெனி வண்டிகளுக்கு முறை வேறு. புத்தகத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

பாபு: நானும் காலையில் வருகிறேன் மாமா. ஆயில் பணம் நான் தருகிறேன்.

சித்தப்பா: பணம் வேண்டாம். நீ வா.

சனி, மதியம்

கீதா (1:17): [படம்]

கீதா: முடிந்தது. கறுப்பாகத் தார்போல் இறங்கியது. புது ஆயில் ஊற்றி இஞ்சினை ஓட விட்டோம். சிறிது நேரம் நிறுத்திவிட்டுக் கம்பியை உருவினால் மேல் குறியில் தேன் நிறத்தில் நிற்கிறது. விளக்கை நானே அணைத்தேன். முதல் தடவை குமிழைச் சீக்கிரம் விட்டுவிட்டேன், இரண்டாவது தடவை போய்விட்டது.

அம்மா: கண்ணு 🙏

சித்தப்பா: நாளை கிளம்பும் முன் இன்னொரு முறை கம்பியைப் பார். வண்டி நின்ற இடத்தில் தரையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்றும் பார்.

கீதா: நோட்டில் எழுதிவிட்டேன். "ஆடி. 62,148. ஆயில், ஃபில்டர். சித்தப்பா, பாபு அத்தான், கீதா."

அத்தை: தேதி போடவில்லையே. அண்ணன் தேதி போடாமல் எழுதமாட்டான்.

கீதா: இதோ போடுகிறேன் அத்தை.

பாபு: வேன்காரர் முன்பணம் கேட்கிறார். சொல்லட்டுமா, வேண்டாமா?

எண்ணூர் மாமா: வேப்பிலை பறித்தாகிவிட்டது. எந்த வண்டியில் ஏற்றுவது?

அத்தை: நான் காரில்தான் வருவேன். 4 மணி. பொங்கல் பானை யார் வீட்டில் இருக்கிறது?