கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர் ஜாஸை எங்கிருந்து தொடங்கலாம்?

வெள்ளவத்தை வாசகி:
வாய்ப்பாட்டு கேட்டே வளர்ந்தவள் நான். சென்ற மாதம் காலி வீதியில் மழைக்கு ஒதுங்கிய தேநீர்க் கடையின் வானொலியில் ஒரு ட்ரம்பெட் ஒலிக்க, இரண்டு பஸ்களைத் தவறவிட்டு அதை முழுவதும் கேட்டேன். அது ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் என்று பின்னர் அறிந்தேன். ஆனால் முழு இசைத்தட்டாகக் கேட்டால் ராகமும் தாளமும் பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பம்பலப்பிட்டி இரசிகன்:
1959இல் வெளிவந்த அவருடைய ‘கைண்ட் ஒஃப் புளூ’விலிருந்து தொடங்குங்கள், சகோதரி. முதல் உருப்படியில் பேஸ் என்னும் தாழ்சுர நரம்புக் கருவி மெட்டை வாசிக்க, மற்றக் கருவிகள் இரண்டே ஒலிகளில் பதில் சொல்லும். அந்த மெட்டு டோரியன் என்னும் மேற்கத்திய சுரவரிசையில் அமைந்தது. நமது கரகரப்பிரியா ராகத்தின் அதே ஏழு சுரங்கள், சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் மட்டும் இல்லை. ஆதி தாளத்தை விரலில் போட்டுப் பாருங்கள்: எட்டு எண்ணிக்கை ஓர் ஆவர்த்தனம், 16 ஆவர்த்தனங்களில் மெட்டின் ஒரு சுற்று முடியும். முதல் 8 ஆவர்த்தனங்கள் ஒரே சுருதியில் நின்று, அடுத்த 4 அரைச்சுரம் மேலேறி, கடைசி 4 பழைய இடத்துக்கே திரும்பும். அந்த ஏற்றத்தைக் கண்டுகொண்டால், தனி ஆவர்த்தனம் (கச்சேரியில் தாளக் கருவிகளின் தனி வாசிப்பு) கேட்கும் பழக்கமுள்ள உங்களுக்கு மற்றவை தாமாகப் புரியும்.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
படம் பார்ப்பீர்களாயின், லூயி மாலின் பிரெஞ்சுப் படமொன்றுக்கு 1957 டிசம்பரில் பாரிஸில் மைல்ஸ் டேவிஸ் திரைக்காட்சிகளைப் பார்த்தபடியே வாசித்த இசையையும் கேளுங்கள். இரவு வீதியில் ஒரு பெண் தனியாக நடக்கும் காட்சி எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. இன்னொரு ஜாஸ் மேதையான டியூக் எலிங்டன் 1963ஆம் ஆண்டுப் பயணத்தில் இலங்கைக்கும் வந்தவர். அடுத்து அவரைக் கேளுங்கள்.

வெள்ளவத்தை வாசகி:
நேற்றிரவு தாளம் போட்டபடி கேட்டேன். ஒன்பதாவது ஆவர்த்தனத்தில் அந்த ஏற்றம் தெளிவாகக் கேட்டது, பம்பலப்பிட்டி இரசிகரே!