ஆகஸ்டில் மசாய் மாரா, செரெங்கெட்டி: வயதான பெற்றோரும் சின்னப் பையனும் இருக்கிறார்கள், துணிந்து போகலாமா?

ஐந்திணை:

ஆகஸ்டில் ஒரு வாரம் கென்யா, தான்சானியா சஃபாரி போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, எட்டு வயதுப் பையன், அப்பா, அம்மா. அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டம் இது: நைரோபியில் இறங்கி அம்போசெலி, அங்கிருந்து மாரா (இரண்டும் கென்யாவின் வனவிலங்குக் காடுகள்), அப்புறம் எல்லை தாண்டி தான்சானியாவின் செரெங்கெட்டி, இங்கோரோங்கோரோ காடுகள், கடைசியில் அருஷா நகரம். எல்லாமே வேனில். மற்றவர்கள் சொன்னதைவிட விலை ரொம்பவே குறைவு, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அம்மாவுக்கு சிங்கம் வண்டிக்குள் பாய்ந்துவிடுமோ, ராத்திரி கூடாரத்துக்குள் ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். எனக்கு மலேரியா பயம், கென்யாவில் தீவிரவாதத் தாக்குதல் என்று அவ்வப்போது வரும் செய்திகளும் கவலை. குடும்பத்தோடு போய் வந்தவர்கள் மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள்.

புல்வெளிப்பயணி:

முதல் வேலையாக அந்தத் திட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகைக் கூட்டம் நடந்தே கடந்துவிடும், ஆனால் நமக்கு அந்த வழி கிடையாது. மேற்கே மிகோரி பக்கம் சுற்றி இசெபானியா எல்லைச் சாவடிக்குப் போய், முத்திரை வாங்கி, பெரும்பாலும் வண்டியும் டிரைவரும் மாறி, அந்தப் பக்கம் போய்ச் சேர ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அம்போசெலியிலிருந்து மாராவுக்கு இன்னொரு பகல். விலங்கு பார்க்கப் போய்விட்டு லாரிக்குப் பின்னாலேயே விடுமுறை கழியும்.

பாதுகாப்பு என்று கேட்டீர்களே, அதுவும் இங்கேதான் இருக்கிறது. உங்கள் குடும்பத்துக்கு அந்த ஊரில் பெரிய ஆபத்து சிங்கம் இல்லை, சாலைதான். இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் பயணமே வேண்டாம். திட்டம் இறுக்கமாக இருந்தால் ஒரு டயர் பஞ்சர் ஆனாலே போதும், டிரைவர் இருட்டில் விரட்ட வேண்டி வரும்.

ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வில்டபீஸ்ட் கூட்டம் மாரா ஆற்றுப் பக்கம்தான் இருக்கும், அதனால் ஆகஸ்டுக்கு கென்யா மட்டுமே போதும். செரெங்கெட்டியின் தென்பகுதியான ந்டுட்டு சிறப்பாக இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை, குட்டி போடும் காலத்தில். அதை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வில்டபீஸ்ட் ஆற்றைக் கடப்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மட்டும் போகாதீர்கள், கரையில் மணிக்கணக்கில் நின்றுவிட்டு ஒன்றுமே இறங்காமல் திரும்பிப் போவதும் உண்டு. மாராவிலேயே நான்கு ராத்திரி தங்கினால் அந்த வாய்ப்பும் கூடும், பெரியவர்களுக்கும் ஓய்வு கிடைக்கும்.

குறைந்த விலை விஷயம். 2024லிருந்து மாராவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100. அதாவது உங்கள் நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 800 டாலர், அதுவும் 12 மணி நேரத்துக்குத்தான். ஏஜென்ட் விலையில் இது சேர்ந்திருக்கிறதா, எத்தனை நாளுக்குச் சேர்ந்திருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள், அவர் எப்படிப்பட்டவர் என்று அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். கூடவே வேன் வேண்டாம், கூரை உயரும் லேண்ட் குரூசர்தான் வேண்டும், எல்லா இருக்கைக்கும் சீட் பெல்ட் வேண்டும் என்று சொல்லுங்கள். வழிகாட்டியின் தகுதியையும் கேட்கலாம். கென்ய சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுக்கிறது. எங்கே சிக்கனம் பிடித்தாலும் வழிகாட்டி விஷயத்தில் பிடிக்காதீர்கள்.

மருந்துச்சீட்டு:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் உடல்நலம் மட்டும் சொல்கிறேன், இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிதான் உங்கள் வீட்டில் யோசிக்க வேண்டிய விஷயம். கென்யாவிலிருந்து வருபவர்களிடம் இந்தியாவும் தான்சானியாவும் சான்றிதழ் கேட்கும், இல்லாவிட்டால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்தி வைக்க இடமுண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுளுக்கும் போதும். ஆனால் 60 வயதுக்கு மேல் முதல் முறை இந்த ஊசி போடுபவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால் அப்பாவுக்கும், 60 தாண்டியிருந்தால் அம்மாவுக்கும், போடலாமா வேண்டாமா என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் திரும்பி வரும்போது என்ன நடைமுறை என்று தடுப்பூசி மையத்திலேயே கேட்டுவிடுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே இதை முடியுங்கள்.

மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரை கண்டிப்பாக வேண்டும். நைரோபி உயரத்தில் இருப்பதால் அங்கே ஆபத்து குறைவு, மற்ற இடங்களில் அப்படியில்லை. அடோவாகுவோன்-புரோகுவானில் மாத்திரை என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, தினமும் சாப்பிட்டு, வந்த பிறகும் ஏழு நாள் தொடர வேண்டும். ஊர் திரும்பியதும் நிறுத்திவிடுபவர்கள் நிறைய பேர், அதுதான் தப்பு. பையனுக்கு எடையைப் பார்த்து அளவு போடுவார்கள், அப்பாவுக்கு அவருடைய மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்று பார்க்க வேண்டும். அந்தி சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை, டீட் (DEET) என்ற மருந்து கலந்த கொசு விரட்டி, ராத்திரி கொசுவலை. வந்து சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தால்கூட அன்றைக்கே டாக்டரிடம் போய் ஆப்பிரிக்கா போய் வந்தோம் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அடர் நீலமும் கறுப்பும் உடுத்த வேண்டாம், செட்சி ஈக்கு அந்த நிறங்கள் என்றால் இழுப்பு, துணிக்கு மேலேயே கடிக்கும். காப்பீட்டில் சர்க்கரை, பிரஷர் இரண்டையும் மறைக்காமல் எழுதி, காட்டிலிருந்து விமானத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நைரோபி வில்சன் விமான நிலையத்தில் ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் என்ற விமான ஆம்புலன்ஸ் சேவைக்காரர்கள் இருக்கிறார்கள், பயணிகளுக்குக் குறுகிய காலத் திட்டமும் தருகிறார்கள்.

நைரோபிக்காரன்:

அம்மாவிடம் சொல்லுங்கள், வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் வரை சிங்கம் நம்மைத் தனித்தனி ஆளாகப் பார்ப்பதில்லை. கதவைத் திறந்து இறங்கினால், கூரை வழியாக ஏறி உடம்பை வெளியே நீட்டினால்தான் பிரச்சினை. கைபேசி கீழே விழுந்தால்கூட இறங்காதீர்கள், டிரைவரிடம் சொல்லுங்கள்.

யானை விஷயத்தில்தான் நல்ல வழிகாட்டியின் அருமை தெரியும். குட்டி பின்னால் நிற்கும், தாய் காதை விரித்துத் தலையை ஒரு உலுக்கு உலுக்கும், புழுதி பறக்கும். நாம் கேமராவைத் தூக்குவோம், அவர் அதற்குள் சத்தமில்லாமல் வண்டியைப் பின்னால் எடுத்திருப்பார். அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் கிட்டே போங்கள் என்று யாரும் கேட்கக் கூடாது.

பல கேம்ப்களுக்கு வேலி கிடையாது. இருட்டியபின் கூடாரத்திலிருந்து சாப்பாட்டுக்கூடம் போகக்கூடக் காவலாளி துணைக்கு வருவார், அவர் வராமல் வெளியே அடி வைக்க வேண்டாம். நீர்யானை ராத்திரியில்தான் கரையேறி மேயும், அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் ஆள் மாட்டினால் ஆபத்து. கூடாரத்தில் சாப்பாடு வைக்காதீர்கள், ஜிப்பைத் திறந்து போடாதீர்கள், குரங்குகளுக்கு அது அழைப்பு மாதிரி. சில கேம்ப்கள் சின்னக் குழந்தைகளைச் சேர்ப்பதில்லை, வயது வரம்பைக் கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

தாக்குதல் செய்திகள் பெரும்பாலும் சோமாலியா எல்லையை ஒட்டிய மண்டேரா, வஜீர், கரிசா, லாமு பக்கம் வருபவை. மாரா இருப்பது தென்மேற்கு மூலையில், அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. ஆனாலும் கிளம்பும் வாரம் அரசு பயண எச்சரிக்கையை ஒருமுறை பாருங்கள். நைரோபியில் இருட்டிய பிறகு நடக்காமல் ஆப்பில் டாக்ஸி பிடியுங்கள். பிளாஸ்டிக் பைக்கு கென்யாவில் 2017லிருந்தே தடை, துணியை அதில் சுற்றிக் கொண்டு வராதீர்கள். பயணத்துக்கு முன் இணையத்தில் மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும், பையனுக்கும் தனியாக.

ஐந்திணை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தான்சானியாவை விட்டுவிடுகிறோம், தடுப்பூசி மையத்தில் நாளைக்கே நேரம் வாங்குகிறேன். நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையா, சின்ன விமானமா?

புல்வெளிப்பயணி:

பணம் இடம் கொடுத்தால் விமானம். வில்சனிலிருந்து முக்கால் மணி நேரம்தான், சாலை என்றால் ஐந்தாறு மணி நேரம். ஆளுக்குப் பதினைந்து கிலோ, மெத்தென்ற பையில்தான் எடுப்பார்கள். அப்பாவை வண்டியில் பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் வரிசையில் உட்கார வைக்காதீர்கள், முதுகு தாங்காது. காலையில் ஆறு மணிக்கே கிளம்புவார்கள், நல்ல குளிர் இருக்கும், ஜாக்கெட் வேண்டும். சாப்பாடு காட்டுக்குள் எட்டரை, ஒன்பதுக்குத்தான் வரும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு அது தாமதம், கிளம்பும் முன் அவருக்கு ஏதாவது கொடுக்கச் சொல்லி கேம்புக்கு இப்போதே எழுதி வையுங்கள்.